கேட்கத் தெரிந்த நாயகன்

"தேவ் ஆனந்த் பாட்டு ஒன்று போடுங்களேன்!"

இப்படிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் மறைந்தது 2011 டிசம்பர் 3-ஆம் நாள், இலண்டன் மாநகரில். ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. ஆயினும் பாட்டு ஓயவில்லை. பாட்டோடு ஒட்டிய பெயரும் ஓயவில்லை.

தேவ் ஆனந்த் பாட்டு! அவர் பாடினாரா? இல்லை. எழுதினாரா? இல்லை. இசையமைத்தாரா? அதுவுமில்லை. எழுதியவர்கள் சாகிர் லூதியான்வியும் சைலேந்திராவும் மஜ்ரூ சுல்தான்புரியும். இசை வகுத்தவர்கள் எஸ். டி. பர்மனும் ஜெயதேவும் ஓ. பி. நய்யாரும். குரல் கொடுத்தவர்கள் முகமது ரஃபி, கிஷோர் குமார், கீதா தத், லதா, ஆஷா. இத்தனை பேர் உழைப்பில் விளைந்த கதிருக்கு ஒரே ஒருவர் பெயர்! உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன், களத்திலே நெல்லைத் தன்னதென்று அளந்து செல்பவன் மற்றொருவன் என்பது வயலோடு நிற்கும் வழக்கமன்று போலும். பாட்டு எழுதியவரின் பெயரையும் வானொலி சொல்ல வேண்டும் என்று சாகிர் வாதாட வேண்டியிருந்த நாடு இது. முகத்தை நினைவில் வைத்து, எழுதிய கையை மறந்துவிடும் பழக்கம் வடக்கிலும் உண்டு. தெற்கில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நமக்கும் துணிவில்லை.

இந்திப் பாட்டைப் பற்றி இந்த ஏட்டில் எழுதுவதா என்று புருவம் உயர்த்தும் நண்பர்களுக்கு ஒரு சொல். ஒரு மொழியை நம்மீது சுமத்துவது வேறு. அம்மொழியிலே மலர்ந்த கலையை நாமே விரும்பிச் சுவைப்பது வேறு. முன்னதை மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. பின்னதை மறுத்தால் இழப்பு நமக்குத்தான்.

தேவ் ஆனந்தின் படங்களில் எனக்கு உவப்பான பாட்டுகளை ஒருநாள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். வியப்பான ஓர் உண்மை புலப்பட்டது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில், திரையில் அவர் வாயே அசைப்பதில்லை! வேறொருவர் பாடுகிறார், பெரும்பாலும் ஒரு பெண் பாடுகிறாள், நாயகன் நின்று கேட்கிறான். "நான், நான்" என்று முழங்கும் நாயகர்கள் மலிந்த திரையுலகிலே, பிறர் பாடக் கேட்டு நிற்கும் நாயகன் ஒருவன்! அவன் கேட்ட வரையில் அந்தப் பாட்டுகள் உயர்ந்து நின்றன. கேட்பதை விடுத்துப் போதிக்கத் தொடங்கியபோது அவை தாழ்ந்தன. இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

*

1923-இல் பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் பிறந்தவர் அவர். இலாகூரில் ஆங்கில இலக்கியம் கற்றார். வேலை தேடிப் பம்பாய்க்கு வந்தார். போர்க்காலத்தில் படைவீரர்களின் கடிதங்களைத் தணிக்கை செய்யும் அலுவலகத்திலே எழுத்தராக இருந்தார். 1946-இல் திரையில் தோன்றினார். 1949-இல் தமையனார் சேத்தன் ஆனந்துடன் சேர்ந்து 'நவகேதன்' நிறுவனத்தைத் தொடங்கினார்.

நவகேதனின் முதற்படம் 'அப்சர்' 1950-இல் வெளிவந்தது. அதன் நாயகி சுரையா. இரவல் குரலில் வாயசைத்தவர் அல்லர் அவர். தாமே பாடி, தாமே நடித்த கலைச்செல்வி. 1948 முதல் 1951 வரை இருவரும் ஏழு படங்களில் இணைந்து நடித்தனர். இணைந்து வாழவும் எண்ணினர். அவள் முஸ்லிம், இவன் இந்து. குடும்பத்தின் எதிர்ப்பு, குறிப்பாகச் சுரையாவின் பாட்டியாரின் எதிர்ப்பு, இடையிலே மதிலாக எழுந்தது. தேவ் ஆனந்த் பின்னர் வேறொருவரை மணந்தார். சுரையா 2004-இல் கண்மூடும்வரை மணம் செய்துகொள்ளவே இல்லை. திரையிலே காதலுக்குக் கைதட்டும் கூட்டம், வீட்டுக்குள்ளே காதல் நுழைந்தால் மதம் கேட்கிறது, மரபு கேட்கிறது! அந்நாளையப் பாட்டுகளைக் கேட்கும்போது, காதலியின் சொந்தக் குரலைக் கேட்டு நின்ற இளைஞனின் முகம் நம் கண்முன் வருகிறது. கேட்கும் கலையை அவர் அங்கேதான் பயின்றாரோ?

அடுத்த ஆண்டு 'பாஜி' வந்தது. குரு தத் இயக்கிய முதற்படம். கதையை எழுதியவர் பல்ராஜ் சாஹ்னி, பாட்டு சாகிர், இசை பர்மன். சூதாட்ட விடுதியொன்றில் கீதா பாலி கிதாரும் கையுமாகப் பாடுகிறாள், குரல் கீதாவுடையது, அப்போது அவர் கீதா ராய். விதி கெட்டுவிட்டதென்று சோர்ந்துவிடாதே, முயற்சியால் அதைத் திருத்து என்பது பாட்டின் கருத்து. ஊழையும் வெல்லலாம் என்று ஆள்வினையுடைமை அதிகாரத்திலே பேசிய வள்ளுவரைப் படித்த நமக்கு அது புதிய கருத்தன்று. ஆனால், அது சொல்லப்படும் இடத்தைப் பாருங்கள்! உழைப்பை உயர்த்தும் சொற்கள், உழைக்காமல் பொருள் சேர்க்கும் சூதாட்ட மேசைக்கு ஓர் ஏழை இளைஞனை இழுக்கும் வலையாகப் பயன்படுகின்றன. நல்ல சொல்லைக்கூடத் தீய இடம் தனக்கு வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று, மூன்று நிமிடப் பாட்டிலே சாகிரும் குரு தத்தும் காட்டிவிட்டார்கள். கஜல் நடைச் சொற்களுக்குப் பர்மன் மேனாட்டுத் துள்ளலை ஏற்றியிருக்கிறார். நாயகன் என்ன செய்கிறான்? தொப்பியும் குறும்புப் பார்வையுமாகக் கேட்கிறான். கேட்பவன் முகத்திலேதான் பாட்டின் பொருள் முழுமை பெறுகிறது.

1956-இல் 'சி.ஐ.டி.' வெளிவந்தது. அதிலே தெருப்பாடகர்கள் ஆர்மோனியப் பெட்டியுடன் காதலைப் பாடுகிறார்கள். காதலன் ஒரு சொல்லும் பாடாமல் நாயகியின் பின்னே நடக்கிறான். காசுக்குப் பாடும் எளியவர்களின் வாயிலே தன் காதலை ஒப்படைத்துவிட்டு நடக்கும் அந்த நாயகனைப் போலத் தன் பெருமையைக் கீழிறக்கி வைத்தவர்கள் மிகச் சிலரே. அதே படத்தில் புதுமுகமாக வந்த நங்கை ஒருத்தி, வில்லனின் கவனத்தைத் தன் பாட்டாலே கட்டிப்போட்டு, நாயகன் தப்பிச் செல்ல வழி செய்கிறாள். குரல் சம்ஷாத் பேகம். அந்த நங்கை நம் செங்கற்பட்டில் பிறந்த வகீதா ரகுமான்! நாயகியை நாயகன் காப்பாற்றுவது வழக்கம். இங்கோ நங்கையின் பாட்டு நாயகனைக் காப்பாற்றுகிறது.

*

அப்படியானால் அவர் பாடிய பாட்டுகளே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அவையும் அருமையானவை. 1960-இல் வந்த 'காலா பஜா'ரில் அவர் திரையரங்கு வாயிலில் கள்ளச்சந்தையிலே சீட்டு விற்பவன். இரயில் பெட்டியிலே பயணம். மேல் படுக்கையில் நாயகி; கீழே இவன். பாட்டிலே வரும் ஒரு சொல்லுக்கு 'மேலே இருப்பவர்' என்று பொருள். கடவுளையும் குறிக்கும், மேல் படுக்கையில் படுத்திருப்பவளையும் குறிக்கும்! தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதாக அவரைப் பற்றி முறையிடுகிறான். பக்கத்தில் இருப்பவர்கள் பக்திப் பாட்டு என்று எண்ணிக் கொள்ளலாம். பையனோ மேலே பார்த்துக் கண் சிமிட்டுகிறான். வானத்தை அண்ணாந்து பார்த்து முறையிடுகிறவர்கள் எத்தனை பேர், உண்மையிலே இரண்டு முழ உயரத்தில் உள்ள எதையோ வேண்டி நிற்கிறார்கள்! பகுத்தறிவைப் பரப்ப எப்போதும் பறை கொட்ட வேண்டியதில்லை. இப்படி ஒரு சிரிப்பும் போதும். எழுதியவர் சைலேந்திரா.

1961-இல் 'ஹம் தோனோ'. இசை ஜெயதேவ், பாட்டு சாகிர். சிகரெட்டைப் பற்றவைக்கும் கருவி கையிலே. அது எழுப்பும் சின்னஞ்சிறு இசையே பாட்டின் தோற்றுவாய். கவலைகளைப் புகையாக ஊதித் தள்ளி, வாழ்க்கையோடு கைகோத்து நடந்தேன் என்கிறான் நாயகன். புகைக்கும் பழக்கத்தை நான் போற்றவில்லை. அந்தப் பாட்டின் மனநிலையைப் போற்றுகிறேன். அழவில்லை, அரற்றவில்லை, முற்பிறவியைக் குறை கூறவில்லை, மறுபிறவிக்கு முன்பணம் கட்டவில்லை. இழந்ததை இழந்ததென்று ஏற்று, கிடைத்ததைக் கிடைத்ததென்று கொண்டு, நிமிர்ந்து நடக்கிறான்.

அதே படத்தில் காதலியைப் போகவிடாமல் கெஞ்சும் பாட்டும் உண்டு. அதையும் அவன் தனியே பாடவில்லை. அவன் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். அவன் காரணம் சொல்கிறான், அவள் எதிர்க்காரணம் சொல்கிறாள். ரஃபியும் ஆஷாவும் இருவர் நிகராய் நின்று உரையாடுகிறார்கள். இன்னொரு பாட்டு, போர்க்காலத்திலே பெண்கள் கூடிப் பாடும் வேண்டுகோள். லதாவின் குரல். ஈசுவரன், அல்லா என்று இரு பெயரையும் ஒன்றாகச் சொல்லி, வலியவர்களுக்கு அறிவு வேண்டும் என்று கேட்கிறது. எழுதிய சாகிர் கோயிலையும் மசூதியையும் நாடியவர் அல்லர். முற்போக்கு எழுத்தாளர் அணியைச் சேர்ந்தவர். அவர் எழுதிய வேண்டுகோள் பொன்னையும் பொருளையும் வேண்டவில்லை. ஆயுதம் ஏந்தியவனுக்கு அறிவை வேண்டுகிறது. பக்தர்கள் எழுதிய பாட்டுகள் பலவற்றிலே காணாத பண்பு இது.

*

இனி 'கைடு'. 1965-இல் வந்த படம். விஜய் ஆனந்த் இயக்கியது. ஆர். கே. நாராயண் 1958-இல் எழுதிய நாவலே மூலம். சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்நாவல் மால்குடி என்னும் கற்பனைத் தென்னாட்டு ஊரிலே நடப்பது. அதன் நாயகி ரோசி முதுகலைப் பட்டம் பெற்றவள்; ஆனால், கோயிலுக்கு ஆடப் பொட்டுக் கட்டப்பட்ட குடும்பத்திலே பிறந்தவள்.

இந்த இடத்திலே நாம் சற்று நிற்க வேண்டும். பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்கச் சட்டமன்றத்திலே போராடினார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தக் கொடுமையின் உள்ளிருந்தே வெளிவந்து, 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் நூலை எழுதினார் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. சட்டம் பொட்டை அறுத்தது. ஊரின் நாக்கை அறுக்க அதனால் இயலவில்லை. "இன்னார் மகள்" என்ற சொல் அந்தக் குலத்துப் பெண்களைத் துரத்திக்கொண்டே இருந்தது. அவர்கள் வளர்த்த ஆடற்கலை மேன்மக்களின் மேடையேறி மாலை சூடிக்கொண்டது. வளர்த்தவர்களோ வாசலுக்கு வெளியே நின்றார்கள். நாவலிலே ரோசியும் மேடையேறுவதற்கு முன் பெயரை 'நளினி' என்று மாற்றிக்கொள்ள நேருகிறது. கலை வேண்டும், கலைஞரின் பிறப்பு மட்டும் தெரியக் கூடாது! எவ்வளவு நயமான நாகரிகம்!

படம் கதையை இராசபுதனத்துக்கு எடுத்துச் சென்றது; ரோசியை விலைமாதின் மகளாக்கியது. 'மரியாதை' தேடி, வயதில் மூத்த தொல்பொருள் ஆய்வாளர் ஒருவரை அவள் மணந்திருக்கிறாள். அவருக்குக் குகைச் சிற்பத்திலே ஆடும் பெண் வேண்டும். வீட்டிலே ஆடும் பெண் வேண்டாம். கல்லிலே கலை, சதையிலே களங்கம்! சாவைத் தேடும் அளவுக்கு நொந்த அப்பெண், ஒருநாள் கடைத்தெருவில் சதங்கை வாங்குகிறாள். பிறகு சித்தூர்க் கோட்டையின் மதில்மீது ஓடுகிறாள், வைக்கோல் ஏற்றிய வண்டியிலிருந்து பானையைத் தூக்கி எறிந்து உடைக்கிறாள், பாடுகிறாள். மீண்டும் வாழ வேண்டும் என்னும் வேட்கையும், சாவையே எள்ளி நகையாடும் துணிவும் அதன் பொருள். பல்லவியில் தொடங்காமல், முள்ளிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும் அடியிலே பாட்டைத் தொடங்கினார்கள். விடுதலை முதலில், மகிழ்ச்சி பிறகு! லதாவின் குரல் அங்கே பாடவில்லை, பாய்கிறது.

எழுதிய சைலேந்திரா இரயில்வே பட்டறையிலே தொழிலாளியாக இருந்தவர். ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவர். பிறப்பால் சுமத்தப்பட்ட இழிவு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திராது. ஆடியவர் வகீதா. அந்த விடுதலைப் பாட்டு முழுவதும் தேவ் ஆனந்த் என்ன செய்கிறார்? உடன் இருக்கிறார், வியக்கிறார், சிரிக்கிறார், வழிவிடுகிறார். படத்தைத் தயாரித்தவர் அவர், பணம் அவருடையது, நாயகன் அவர். படத்தின் உச்சிப் பாட்டை ஒரு பெண்ணின் விடுதலைக்கு அளித்துவிட்டு, ஓரத்திலே நின்று கேட்டார். தேவ் ஆனந்தின் பாட்டுகளுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், அவர் வாய் திறவாத இந்தப் பாட்டையே காட்டுவேன்.

பிலிம்பேர் விருதுகள் 'கைடு' படத்துக்குக் குவிந்தன. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை எல்லாம் கிடைத்தன. இசைக்கான விருது மட்டும் 'சூரஜ்' படத்துக்குப் போயிற்று! விருது எங்கோ போகட்டும். பாட்டு இங்கே இருக்கிறது.

*

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால், விமர்சனம் வெறும் வாழ்த்துப்பா ஆகிவிடும்.

விடுதலைப் பாட்டைப் பாடிய ரோசி பிற்பகுதியில் என்ன ஆகிறாள்? அவள் உழைப்பிலே வந்த பணத்தை நாயகன் சூதிலும் குடியிலும் அழிக்கிறான், அவள் கையெழுத்தைத் தானே இடுகிறான், சிறை செல்கிறான். வெளியே வந்தவனை ஓர் ஊர் மக்கள் சாமியாராக்கிவிடுகிறார்கள். மழைக்காக உண்ணாநோன்பு! நாவலிலே நாராயண், மழை பெய்ததா, அவன் பிழைத்தானா என்று சொல்லாமலே முடித்தார். பொய்ச்சாமியார் ஒருவன் ஊராரின் நம்பிக்கையிலே சிக்கிக்கொண்ட கதை அது. வாசகன் சிந்திக்க இடம் விட்ட முடிவு. படமோ மழையைக் கொட்டவைத்தது; கயவனைப் புனிதனாக்கிக் கண்ணை மூடவைத்தது. ஊர் கும்பிட்டது, கொட்டகையும் கும்பிட்டது. தம் கதைக்கு நேர்ந்ததைப் பற்றி நாராயண் பின்னர்க் குறைகூறிக் கட்டுரையே எழுதினார். மழை தவறிய ஊருக்கு ஏரியும் கால்வாயும் வேண்டும். பட்டினி கிடக்கும் சாமியார் எதற்கு? மதிலேறி ஓடிய பெண் முடிவிலே கூட்டத்தில் ஒருத்தியாகக் கண்ணீர் வடிக்கிறாள். பாட்டு அவளை விடுதலை செய்தது. கதை அவளைத் திரும்பக் கூட்டிவந்து காலடியிலே நிறுத்திற்று.

படத்தின் தொடக்கத்திலே, சிறையிலிருந்து வெளிவந்து நடக்கும் நாயகனுக்காகப் பர்மன் தம் கிழக்கு வங்கக் குரலிலே தாமே பாடுகிறார். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று வழிப்போக்கனைக் கேட்கிறார். மழைக் காட்சி தரும் எளிய விடையைவிட அந்தக் கேள்வி மேலானது. இங்கும் நாயகன் நடக்கிறான், பாடவில்லை, கேட்கிறான்.

1971-இல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'. இப்போது தேவ் ஆனந்தே இயக்குநர். காட்மாண்டில் இப்பி இளைஞர்கள். வீட்டை விட்டுப் போன தங்கையாக சீனத் அமன், ஆஷாவின் குரலிலே புகைமயக்கத்தைப் பாடுகிறாள். அந்தப் பாட்டின் கிளர்ச்சிக்கு அடியிலே ஓர் அழுகை இருக்கிறது: பெற்றோர் பிரிந்த வீட்டின் அழுகை. அண்ணன் அதைக் கேட்டானா? இல்லை. இராமன் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று கிஷோரின் குரலிலே அறிவுரை பாடத் தொடங்கிவிட்டான்! மக்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? தங்கையின் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அண்ணனின் போதனை அந்த அளவுக்கு எடுபடவில்லை. அதே படத்தில் குழந்தைப் பருவத்தை நினைவூட்டி அண்ணன் தங்கைக்குப் பாடும் பாட்டு நெஞ்சைத் தொடுகிறது. ஏன்? அங்கே அவன் ஆசானாக நிற்கவில்லை, அண்ணனாக நிற்கிறான்.

*

2002-இல் தாதாசாகேப் பால்கே விருது அவரை அடைந்தது. முதுமையிலும் ஓயாமல் படம் எடுத்தார். அவற்றில் பல நிலைக்கவில்லை. நிலைத்தவை எவை? சூதாட்ட விடுதியிலே ஒருத்தி பாட, அவர் கேட்டது நிலைத்தது. தெருப்பாடகர்கள் பாட, அவர் நடந்தது நிலைத்தது. கோட்டை மதிலிலே ஒருத்தி விடுதலை பெற்றுப் பாட, அவர் ஒதுங்கி நின்றது நிலைத்தது.

நாயகனை வழிபடும் கூட்டம் நாயகனையும் கெடுக்கிறது, தன்னையும் கெடுத்துக்கொள்கிறது. "நீதான் எல்லாம்" என்று ஓயாமல் சொன்னால், நல்லவனும் ஒருநாள் நம்பிவிடுவான். பிறகு அவன் கேட்க மாட்டான், பேசிக்கொண்டே இருப்பான்.

ஆகவே, அடுத்த முறை "தேவ் ஆனந்த் பாட்டு" ஒன்றைக் கேட்கும்போது, நண்பர்களே, அந்தச் சிரித்த முகத்தைத் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பட்டறையிலே இரும்படித்த சைலேந்திராவையும் நினையுங்கள். பெயருக்காக வாதாடிய சாகிரை நினையுங்கள். செங்கற்பட்டிலே பிறந்து சித்தூர்க் கோட்டையிலே ஓடிய வகீதாவை நினையுங்கள். பிறப்பைக் காட்டிப் பழித்த ஊரை நோக்கிச் சதங்கையை உயர்த்திக் காட்டிய ரோசியை மறவாதீர்கள்.

பாட்டு அவர்களுடையது. அதைக் கேட்டு நிற்கும் பண்பு அவருடையது. அந்தப் பண்பு நமக்கும் வாய்க்குமானால், அவரை விரும்பியதற்குப் பயன் உண்டு.